மறதி நோயைத் தேடிப் போன விஜயலட்சுமி ரவீந்திரநாத்

2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஹரியானா மாநிலத்து மானேசருக்குப் போனார். ஆரவல்லி மலைப் பக்கம் புதிதாக எழுந்திருந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் இராமேஸ்வரத்துக்காரரின் கைபட்ட காரியங்கள் என்று நம் பக்கத்தில் பேச்சு எழுந்தால் ஏவுகணை, பொக்ரான், பள்ளிப் பிள்ளைகள், கடைசியில் பேக்கரும்பு நினைவிடம் என்று ஒரு சுற்று வந்து நின்றுவிடும். மானேசரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வயது எழுபதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, அவர் அர்ப்பணித்தவற்றிலேயே மிக நெருக்கமானது அந்தக் கட்டடமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த மையத்தை எழுப்பி, அதன் முதல் இயக்குநராக இருந்தவர் ஒரு பெண்மணி. பேராசிரியர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். 1953-இல் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்தவர். 1981-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம். பிறகு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஆராய்ச்சி. அங்கேயே தங்கிவிட வழி இருந்த காலத்தில் திரும்பி வந்து, 1986-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1996-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 2010-இல் பத்மஸ்ரீ. பட்டியல் இத்துடன் போதும். அவர் என்ன செய்தார் என்பதுதான் சுவை.

அதற்கு முன்னால் நோயின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1901 நவம்பர் 25-ஆம் தேதி ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கணவர் இரயில்வே குமாஸ்தா. ஆரம்பத்தில் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம். அடுத்து சமையலில் தடுமாற்றம், சாமான்களை எங்கெங்கோ ஒளித்து வைப்பது, ராத்திரியில் கூச்சல். அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் மறுநாளே அந்த அம்மாளின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதி வைத்தார். பெயர் என்ன என்றால் அகஸ்டே. கணவர் பெயர் என்ன என்றாலும், அகஸ்டே என்றுதான் நினைக்கிறேன் என்றாராம். மத்தியானம் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது பசலைக்கீரை என்றார். தன்னையே தொலைத்துவிட்டதாகவும் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அதற்குள் அல்சைமர் மூனிக் நகரத்துக்கு மாறிப் போயிருந்தார். ஆனாலும் அந்த அம்மாளின் மூளையைக் கேட்டு வாங்கினார். மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே கறை கறையாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே முடிச்சு முடிச்சாகச் சிக்குண்ட இழைகள். அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் படித்தார். கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910-இல் கிரெப்பெலின் என்ற பெரிய மருத்துவர் தமது பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார். அந்தப் பழைய நோயாளிக் கோப்பு எங்கோ போய், 1995-இல்தான் ஃபிராங்ஃபர்ட்டில் திரும்பக் கிடைத்தது. ஒரு மறதி நோயின் மூலக் கோப்பே 90 ஆண்டு மறந்து கிடந்தது!

நம் பக்கத்தில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புத்தி தடுமாறிப் போச்சு, சின்னப்பிள்ளை கணக்கா ஆயிட்டாக என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துபோச்சு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல். நமக்குத்தான் அது வந்து சேரவில்லை.

எங்கள் பெரியம்மா ஒருவர் பனங்காட்டிலேயே வாழ்ந்தவர். பங்குனி பிறந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு விடிலிதான் அவருக்கு வீடு. பெரியப்பா இறக்கிக் கொடுக்கும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார். 1988 வாக்கில் அவருக்கு எழுபது வயது இருக்கும். முதலில் எண்ணிக்கை தப்பியது. சிப்பங்களை எண்ணி முடித்து மறுபடி எண்ணுவார். அப்புறம் பேரன்களின் பெயர்கள் போயின. ஒருநாள் பெற்ற மகனையே "யாரு வீட்டுத் தம்பி?" என்று கேட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பதநீர் பொங்குதே, அடுப்பை யாரும் பார்க்கலையா என்று பதறுவார். பெரியப்பா இறந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது, மரமேறும் ஆளும் கிடையாது, விடிலியும் கிடையாது. கூட்டிப்போன இடத்து மருத்துவர், வயசானால் இப்படித்தான் என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனால் ஒன்று. பக்கத்து விடிலிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தால், கொப்பரையில் பாகு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே இறக்கு என்பார். துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தால் பதம் சரியாக இருக்கும். மகனை மறந்தவர் பதத்தை மறக்கவில்லை. உயிரியல் வாத்தியாராக இருந்தும் அன்று எனக்கு இது பெரிய புதிர். மூளையின் உட்பக்கம் இரண்டு பொட்டோரங்களிலும் கடற்குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது, ஹிப்போகாம்பஸ் என்பார்கள். நேற்று நடந்தது, இன்று காலை சாப்பிட்டது போன்ற புதுச் செய்திகள் அதன் வழியாகத்தான் நினைவில் ஏறுகின்றன. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று அது. கை பழகிய தொழிலின் நினைவு குடியிருப்பது வேறு இடங்களில். அதனால் அது வெகுநாள் தாக்குப் பிடிக்கிறது. 

இனி விஜயலட்சுமி அம்மையாருக்கு வருவோம்.

அவர் நிம்ஹான்ஸில் சேர்ந்தபோது அல்சைமரைத் தேடிப் போகவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு. நாம் விழுங்கும் மாத்திரைகளை உடைத்துக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லின. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், அது தப்பும் இல்லை. ஆனால் தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்வது மூளையில் அல்லவா? மூளையே அவற்றை உடைக்குமா? கல்லீரலில் இருக்கும் அந்த நொதிகள் மனித மூளையிலும் இருக்கின்றனவா? இதுதான் அவருடைய கேள்வி.

விடை தேட மனித மூளை வேண்டும். நிம்ஹான்ஸில் மருத்துவர் எஸ்.கே. சங்கர் என்ற நோய்க்குறியியல் பேராசிரியர் இருந்தார். சாலை விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் அந்தத் துயர நேரத்தில் பேசி, சம்மதம் வாங்கி, மூளைகளைப் பாதுகாத்து வைக்கும் மூளை வங்கியை உருவாக்கியவர் அவர். அங்கே இன்று ஒரு மூளை அருங்காட்சியகமும் இருக்கிறது. போகிறவர்கள் உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பெங்களூரில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் லால்பாக் பார்ப்பதோடு இதையும் பார்த்து வரலாம்.

விடை, இருக்கின்றன என்பதுதான். கல்லீரலோடு ஒப்பிட்டால் அளவில் மிகக் கொஞ்சம். ஆனால் நரம்புச் செல்லுக்குள்ளேயே இருப்பதால், மருந்து அந்த இடத்தில் என்ன ஆகிறது என்பதை அவை மாற்றிவிட முடியும். நம்மில் பலர் தூக்கத்துக்கு விழுங்கும் அல்பிரசோலம் மாத்திரையையும் அவருடைய குழு இப்படி ஆராய்ந்திருக்கிறது. ஒரே மாத்திரை ஒருவரை அயர்த்திப் போடுகிறது, இன்னொருவரை ஒன்றும் செய்வதில்லை என்றால், அதற்கான காரணத்தைக் கல்லீரலில் மட்டும் தேடினால் போதாது.

அங்கிருந்து அவர் போன அடுத்த இடம் ஒரு பருப்பு. கேசரிப் பருப்பு. துவரம்பருப்பில் கலப்படம் செய்யும் பொருள் என்று நாம் அறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் ரேவா பக்கம் மழை பொய்த்த காலங்களில், எந்த வறட்சிக்கும் தாங்கி விளையும் இந்தப் பருப்பே ஏழைகளின் சாப்பாடு. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு இதையே கூலியாக அளந்து போட்டதும் உண்டு. மாதக்கணக்கில் இதையே தின்றால் கால்கள் விறைத்துப் போகும். முதலில் கோல் ஊன்றுவார்கள், முற்றினால் தவழ்வார்கள். இதில் ஒரு விசித்திரம், ஆண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஒரே பானையில் சாப்பிட்ட பெண்களுக்கு அந்த அளவு இல்லை.

விஜயலட்சுமியின் ஆய்வகம் பருப்பிலுள்ள நஞ்சு நரம்புச் செல்லின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்று பார்த்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவின் முதல் கண்ணியே அறுந்து போகிறது என்று 1998-இல் எழுதினார்கள். பிறகு எலிகளில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பெண் எலி தப்பித்தது. அதன் சினைப்பையை எடுத்துவிட்டால் தப்பிக்கவில்லை. பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன், செல்லில் ஒரு காவல் புரதத்தைக் கூடுதலாக வைத்திருக்கச் செய்கிறது என்று தெரிந்தது. ரேவா கிராமத்தார் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது. வெளிநாட்டு ஆய்வகம் எதுவும் இந்தப் பருப்புக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்காது. நம் ஏழைகளின் நோயை நாம்தான் பார்க்க வேண்டும்.

1999 வாக்கில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நாட்டில் மூளைக்கென்று ஒரு மையம் வேண்டும் என்று முடிவெடுத்தபோது பொறுப்பு இவரிடம் வந்தது. அப்படி எழுந்ததுதான் கலாம் அர்ப்பணித்த மானேசர் மையம். 2009 வரை அங்கே இருந்துவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து அங்கும் நரம்பியல் துறையைத் தொடங்கினார்.

2012-இல் வந்தது அவருக்கு ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கித் தந்த கட்டுரை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. பொருள் அசுவகந்தா. நம் சித்த வைத்தியர்களின் அமுக்கராக் கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் சூரணமாக வாங்கிப் பாலில் கலந்து குடித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அல்சைமர் படிவுகள் மூளையில் உண்டாகும்படி வளர்க்கப்பட்ட எலிகள் உண்டு. ஏற்கெனவே நினைவு கெட்டுப்போன நடுவயது, கிழட்டு எலிகளுக்கு அமுக்கரா வேரின் சாற்றை 30 நாள் வாய்வழியே கொடுத்தார்கள். எலிகள் வழியைத் திரும்பக் கற்றன. மூளையில் படிந்திருந்த அமிலாய்டு என்ற புரதக் கசடு குறைந்தது. சரி, சாறு மூளைக்குள் புகுந்து கசடைக் கரைத்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. மாற்றம் நடந்தது கல்லீரலில்.

இதை உப்பளக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பாத்தியில் தேங்கிய தண்ணீரைப் பாத்திக்குள் இறங்கி இறைக்க வேண்டியதில்லை. வடிகால் வாய்க்காலின் கடைசியில் பம்பு வைத்து இறைத்தால் பாத்தித் தண்ணீர் தானாக வாய்க்காலை நோக்கி ஓடும். கல்லீரலில் கசட்டைப் பிடித்திழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அமுக்கரா அதன் அளவைக் கூட்டியது. அதன் ஒரு துண்டு இரத்தத்திலும் கலந்து, அங்குள்ள அமிலாய்டைப் பிடித்து அகற்றியது. இரத்தத்தில் குறையக் குறைய, மூளையில் இருந்தது இரத்தத்துக்கு இறங்கியது. இதை உறுதி செய்ய அவர்கள் கல்லீரலில் அந்தப் புரதம் உண்டாவதை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அமுக்கராவின் பலன் மறைந்துவிட்டது.

கல்லீரலின் வேலையை மூளையும் செய்கிறது என்று சொல்லித் தொழிலைத் தொடங்கியவர், மூளையைத் துப்புரவாக்கும் வேலையைக் கல்லீரல் செய்கிறது என்ற இடத்துக்கு 25 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார். இந்தக் கோணத்தில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையில் மிக அழகான பகுதி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அது எலி. மனிதருக்கு அல்சைமர் நோய் இதனால் தீரும் என்று எங்கும் நிலைநாட்டப்படவில்லை. அமுக்கரா மாத்திரை தின்றதால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ ஏடுகளில் செய்திகள் உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் டப்பா டப்பாவாக வாங்கி அடுக்க வேண்டாம். ஏற்கெனவே சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மஞ்சளுக்கும் இதே கதைதான். ஹரியானாவில், மானேசர் இருக்கும் அதே மாநிலத்தில், பல்லப்கர் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் 1990-களில் இந்திய, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். 65 வயது தாண்டிய ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் புதிதாக அல்சைமர் நோய் காண்பவர்கள் 4.7 பேர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அதே கணக்கு 17.5. இது 2001-இல் வெளியானதும் இந்தியர்களுக்கு மறதி நோய் குறைவு, காரணம் மஞ்சள் என்று கிளப்பிவிட்டார்கள். ஆய்வு செய்தவர்கள் சொன்னது அப்படி அல்ல. கிராமத்து முதியவர்கள் நோய் வந்தபின் அதிக காலம் உயிரோடு இருப்பதில்லை என்பது போன்ற காரணங்களையும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் கேள்விகளை மாற்றிய விதம். வெள்ளைக்காரன் தயாரித்த நினைவுச் சோதனையில் ஒரு வாக்கியம் எழுது, தாளில் உள்ளதைப் படித்து அதன்படி செய் என்றெல்லாம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியிடம் இதைக் கேட்டால் நல்ல புத்தியோடு இருப்பவரும் நோயாளி ஆகிவிடுவார். அதனால் மாற்றினார்கள். இப்போது காலையா, மத்தியானமா, சாயங்காலமா? உங்கள் கிராமம் எந்தத் தபால் நிலையத்துக்கு உட்பட்டது? கண்ணை மூடு என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக் காட்டுவது. எங்கள் பெரியம்மாவிடம் அன்று இப்படி யாராவது கேட்டிருந்தால், சத்து மாத்திரையோடு போயிருக்காது.

சென்னையிலும் அந்தக் காலத்தில் வேலை நடந்தது. திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் எஸ். ராஜ்குமாரும் உடனிருந்தவர்களும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 1998-இல் கொச்சியில் கூடிய உலக மாநாட்டில் 10/66 என்றொரு குழு உருவானது. பெயருக்குப் பொருள் இது: மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது அல்ல. 2023-இல் வெளியான அகில இந்தியக் கணக்கின்படி 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. தொகையாகச் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். மஞ்சள் காப்பாற்றவில்லை.

விஜயலட்சுமியின் ஆய்வகம் இதற்குள் இன்னொன்றைக் கண்டது. நோய் வரவிருக்கும் எலிகளின் மூளையில் கசடு படிவதற்கு வெகு முன்பே, பிறந்து ஒரு மாதத்திலேயே, நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொடும் முனைகளில் கோளாறு தொடங்கிவிடுகிறது. அந்த முனைகளைத் தாங்கி நிற்கும் இழைகள் கலைந்து போகின்றன. இரண்டு மாதத்தில் நினைவு தடுமாறுகிறது. கசடு கண்ணில் படுவது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. 2018-இல் இதை வெளியிட்டார்கள்.

எலியில் ஒரு மாதம் என்றால் மனிதரில் எப்போது? எழுபது வயதில் மகனை மறந்தவருக்கு நோய் அறுபதில் தொடங்கியதா, ஐம்பதிலா? நோய் வந்தவரை எவ்வளவு சோதித்தாலும் இது தெரியாது. நோய் வராதவர்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து போக வேண்டும். அமெரிக்காவில் 1986 முதல் 678 கன்னியாஸ்திரீகளை இப்படிப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் இருபது வயதில் மடத்தில் சேரும்போது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளும், இறந்தபின் தானமாகக் கொடுத்த மூளைகளும் ஒப்பிடப்பட்டன. மூளை முழுவதும் படிவு இருந்தும் 101 வயது வரை தெளிவாகப் பேசி வாழ்ந்த சகோதரி ஒருவர் அதில் உண்டு. படிவோடு சின்னச் சின்ன இரத்தக்குழாய் அடைப்புகளும் சேர்ந்தவர்களுக்கே நினைவு அதிகமாகத் தவறியது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் நாட்டில் இதை மறுபடி பார்க்க வேண்டும் அல்லவா?

2014-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் அவர் மனைவி சுதாவும் 225 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் பிறந்தது. அதற்கும் முதல் இயக்குநர் விஜயலட்சுமிதான். 2018 ஜனவரியில் அந்த மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டத்துக்குப் போனது. கோலார் தங்கவயலை நம்மவர்கள் அறிவார்கள். சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கிராமங்களில் 45 வயது தாண்டிய, மறதி நோய் இல்லாத 10,000 பேரைச் சேர்த்து, ஆண்டுகள் போகப் போகத் தொடர்ந்து சோதிப்பது திட்டம். இரத்தம், இதயம், கண், காது, நடை, நினைவு எல்லாம் பார்க்கிறார்கள். எழுத்தறிவில்லாதவரும் செய்யக்கூடிய நினைவுச் சோதனைகளைக் கணினித் திரையில் கன்னடத்தில் வைத்திருக்கிறார்கள். மூளைப் படம் எடுக்கப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறார்கள்.

ஆய்வகத்தில் எலியோடு முப்பது ஆண்டு இருந்த ஒருவர், அறுபது வயதுக்கு மேல் மாந்தோப்புக் கிராமத்துக்குப் போக முடிவெடுத்தது பெரிய காரியம். எலியில் ஒரு மாதத்தில் விடை வரும். இதில் விடை வரும்போது தாம் இருப்போமா என்பதே தெரியாது.

இடையில் நல்ல செய்திகளும் வந்தன. ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட நோய் நாலரை ஆண்டு தாமதித்து வருகிறது என்று 2013-இல் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது பொருந்தியது. 2023-இல் அமெரிக்காவில் லெகானெமாப் என்ற ஊசி மருந்துக்கு முழு அனுமதி கிடைத்தது. அமிலாய்டு கசடை அகற்றுகிறது. ஆனால் நோய் மோசமாகும் வேகம் 18 மாதத்தில் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடும். போன நினைவைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

2024-இல் லான்செட் ஏட்டின் குழு ஒன்று, மறதி நோயை வரவழைக்கும் காரணங்களில் நாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை 14 என்று கணக்கிட்டது. அவற்றை எல்லாம் சரி செய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியுமாம். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, கெட்ட கொழுப்பு, தனிமை இவை நமக்குத் தெரிந்தவை. காது கேளாமையும் கண் மங்குவதும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தால் மாட்டிக்கொள்ளக் கூச்சப்படும் நம் நண்பர்கள், கண்புரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதுரைக் கண் மருத்துவமனை முகாம் நம் பக்கம் வரும்போது வேனில் ஏறிவிட்டால் போதும்.

சீனிவாசபுரத்தில் 2018-இல் 45 வயதில் பெயர் கொடுத்தவருக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். இரத்தம் கொடுத்திருப்பார், பெங்களூர் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருப்பார், திரையில் வந்த உருவங்களை நினைவு வைத்துத் தொட்டுக் காட்டியிருப்பார். அவர் எழுபதைத் தொடுவது 2043-இல்.